பல்லுக்குக் கவ்வாத்து

பக்கிரிசாமி மிதியை மிதிக்கிறார். சக்கரம் சுழல்கிறது, வார் கிறீச்சிடுகிறது, கையிலிருக்கும் குச்சியின் நுனியில் மிளகளவு கல் ஒன்று சுற்றுகிறது. அதைத் தன் இடது கட்டைவிரல் நகத்தில் வைத்து ஓர் இழுப்பு இழுக்கிறார். வெள்ளைப் பொடி பறக்கிறது. "பாத்தியா? நகம் கத்துச்சா? பல்லும் அப்புடித்தான்லா." வாய் காட்ட வந்து உட்காருபவர் யாராக இருந்தாலும் முதலில் இந்த நகக் காட்சி உண்டு. அந்த நகம் முழுக்க உழுத வயல் மாதிரி கோடுகள்.

உட்காரும் சீட்டு, மலைப்பாதையில் கோலா தெர்லா வளைவில் கவிழ்ந்த காய்கறி லோரியிலிருந்து கழற்றிக்கொண்டு வந்தது. தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தில், தன் வீட்டின் முன்னறையில், சன்னல் வெளிச்சம் வாய்க்குள் விழுகிற இடமாகப் பார்த்துப் போட்டிருக்கிறார். மிதி மெஷின் கம்போங் ராஜாவில் தங்கப்பல் கட்டிக்கொண்டிருந்த சீனருடையது. சீனர் கடையை மூடிவிட்டு மகனோடு டவுனுக்குப் போனபோது இவர் கைக்கு வந்தது. "தொழிலயும் சேத்துக் குடுத்துட்டுப் போனாரு" என்பார். சீனர் கொடுக்கவில்லை. பல் கட்டிக்கொள்ளப் போன ஆட்களுக்குத் துணையாகப் போய், சுவரோரம் நின்று, பார்த்துப் பார்த்து இவராக எடுத்துக்கொண்டது.

அது ஞாயிற்றுக்கிழமைத் தொழில். மற்ற நாட்களில் அவர் தேயிலைக் காட்டில் கவ்வாத்து ஆள். செடி மரமாக ஓங்கிவிடாமல், சில வருடங்களுக்கு ஒருமுறை கத்தியால் முழங்கால் உயரத்துக்கு வெட்டி மொட்டையாக்குவதுதான் கவ்வாத்து. வெட்டிய காடு தீப்பிடித்து அணைந்தது போலக் கிடக்கும். பனி இரண்டு தடவை இறங்கி ஏறுவதற்குள் கட்டையெல்லாம் சிவப்பாகத் தளிர்க்கும். பக்கிரிசாமியின் வெட்டு சுத்தம். கங்காணி புது ஆட்களைக் கூட்டிவந்து அவர் நிரையைக் காட்டுவார்.

பல்லின் மேல் தங்க உறை மாட்ட வேண்டுமானால், முதலில் பல்லைச் சுற்றிலும் தேய்த்துச் சிறிதாக்க வேண்டும். இல்லாவிட்டால் உறைக்கு இடமிருக்காது. இந்தத் தேய்ப்புக்கும் பக்கிரிசாமி வைத்திருக்கும் பெயர் கவ்வாத்து. "பயப்படாத, கவ்வாத்துதான். நல்லா எறக்கி வெட்டுனாத்தான் கொழுந்து." லயத்துச் சனம் சிரித்துக்கொண்டே வாயைத் திறக்கும். தெரிந்த வார்த்தை. வெட்டினால் நல்லது என்று ஆயுசு முழுக்கப் பார்த்த வார்த்தை. பல் தளிர்க்காது என்று அந்த அறையில் யாரும் சொன்னதில்லை.

அவர் மகள் சாரதாவுக்கு அது தெரியும். பினாங்கில் பல் தொழில்நுட்பம் படித்துவிட்டு, ஈப்போவில் பல் உறைகள் செய்யும் கூடமொன்றில் வேலை பார்க்கிறாள். டாக்டர்கள் தேய்த்த பற்களின் அச்சு, சாந்துப் பல்லாக அவள் மேசைக்கு வரும். நோயாளியின் முகத்தை அவள் பார்ப்பதில்லை. பல்லைத் தேய்த்த கையைப் பார்த்துவிடுவாள். சுற்றுச்சுவர் நேராக நிற்க வேண்டும், மேலே போகப் போக ஒரு மயிரிழை உள்ளே சாய வேண்டும். ஈறோரம் உறை உட்காரத் தெளிவான விளிம்பு வேண்டும். தேய்க்கும்போது தண்ணீர் விழுந்துகொண்டே இருக்க வேண்டும். பல்லுக்குள் நரம்பு இருக்கிறது, இரத்தம் இருக்கிறது. சூடு ஏறினால் உள்ளேயே வெந்துவிடும்.

பக்கிரிசாமி தண்ணீரைத் தொடமாட்டார். "ஈரம் பட்டா கல்லு வழுக்கும்." வீடு முழுக்கக் கொம்பு தீய்ந்த வாடை அடிக்கும். அவர் இறக்கி வெட்டிய பல், ஆட்டைக் கட்ட அடிக்கும் முளை மாதிரி கூர்ந்து நிற்கும். உறை அதன்மேல் நிற்பது சிமெண்டின் தயவில். உறையின் ஓரத்துக்கும் ஈறுக்கும் நடுவில் சோற்றுப் பருக்கை போய்வரும்.

வலிக்கிறது என்று வந்தாலும் அவரிடம் பதில் உண்டு. "கொஞ்ச நாளைக்குக் குத்தும். அப்புறம் வலி செத்துரும்." ஆட்கள் திரும்பி வந்து, "செத்துப்போச்சுண்ணே" என்பார்கள். அடுத்து உட்கார்ந்திருப்பவருக்குக் கேட்கட்டும் என்று அதை இன்னொரு தடவை சொல்லச் சொல்வார். செத்தது வலி அல்ல, பல். செத்த பல் வலிக்காது. அதன் வேரடியில் சீழ் சத்தம் காட்டாமல் கட்டிக்கொண்டிருக்கும்.

அவர் மனைவி செல்லம்மாவுக்குக் கொட்டைப்பாக்கு கடித்துக் கீழ்க்கடைவாய்ப் பல் பிளந்தது. அவள் காதுத் தோட்டை உருக்கி அவரே கட்டிவிட்டார். "ஊருக்கெல்லாம் முன்னால மின்னுது. எனக்கு மட்டும் சிரிச்சாலும் தெரியாத எடத்துல தங்கம்" என்று அவள் கேலி பேசுவாள். அவளுக்கும் குத்தியது. அவளுக்கும் செத்தது. எண்பத்து மூன்றாம் வருடத்து மழையில் தாடைக்கு அடியில் வீங்கியது. மஞ்சள் பற்றுப் போட்டார்கள். தோட்டத்து ஆபீசுக்குப் போய் சாரதாவுக்குப் போன் போடவா என்று பக்கத்து வீட்டு வேலாயி கேட்டதற்கு, "வேணாம்க்கா, வந்தா அப்பாவ ஏசுவா. அவரு பேரு கெட்டுரும்" என்றாளாம். வீக்கம் கழுத்துக்கு இறங்கியது. எச்சில் விழுங்க முடியவில்லை. முட்டைக்கோஸ் ஏற்றிய லோரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போது மூச்சு போக வழியில்லாமல் போயிருந்தது.

தாடை தொங்காமலிருக்கத் துணியால் கட்டுவார்கள். பக்கிரிசாமி வேறு யாரையும் விடவில்லை, தானே கட்டினார். சுருக்கமில்லாத நல்ல கட்டு. துக்கம் கேட்க வந்தவர்களிடம், "கழுத்துல கட்டி. விதிலா" என்றார். பல் என்ற சொல் அவர் வாயில் வரவில்லை. லயம் கட்டியைத்தான் நம்பியது. காரியம் முடிந்த கையோடு, அடுத்த ஞாயிறு, மெஷினுக்கு எண்ணெய் போட்டார்.

இந்த ஞாயிறு சீட்டில் ஜெயா. தையில் கல்யாணம். கட்டவேண்டியது மேல் முன்பல், கீறல் ஒன்று கிடையாது. அவள் அம்மா சரோஜா கதவில் சாய்ந்து நிற்கிறாள்.

"மாப்ள வீட்ல அம்மாக்காரிலேருந்து அக்காக்காரி வரைக்கும் மின்னுதுண்ணே. இவ மட்டும் வெறும் பல்லோட போய் நின்னா மானம் போயிரும்லா."

"கவலய வுடு சரோஜா. கவ்வாத்துப் பண்ணித் தொப்பியப் போட்டுட்டா, தாலிக்கு முந்தி இதான் தெரியும்."

நகத்தில் கல்லை ஓட்டிக் காட்டினார். ஜெயா பொடி பறப்பதைப் பார்த்தாள்.

"மாமா, வெட்டுனது திரும்ப வளருமா?"

"கவ்வாத்து வெட்டுனா வளராம?"

லீவுக்கு ஈப்போவிலிருந்து வந்து, அடுப்படியில் தம்ளர் கழுவிக்கொண்டிருந்த சாரதா கையைத் துடைத்தபடி வந்தாள். "வளராது ஜெயா. ஒருக்கா தேச்சா தேச்சதுதான். ஒனக்கு நல்ல பல்லு, எந்திரி."

"இவ சாந்துப் பல்லோட குடும்பம் நடத்துறவ" என்றார் பக்கிரிசாமி, சரோஜாவைப் பார்த்து. "நான் உசுரோட இருக்கிற வாயப் பாத்தவன்."

"படிச்ச புள்ளைங்க இப்புடித்தான்ணே, எதுக்கெடுத்தாலும் பயங்காட்டும்."

ஜெயா எழுந்திருக்கவில்லை, வாயையும் திறக்கவில்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மாமா, ஒங்களுக்கு எது தங்கப்பல்லு?"

பக்கிரிசாமி சிரித்தார். மேலும் கீழும் முழு வரிசை. வெற்றிலைக் கறை உண்டு, ஒன்றிலும் கல் பட்டதில்லை. "எனக்கு எதுக்குலா? நான் என்ன மறு கல்யாணமா கட்டப் போறேன்?"

சரோஜா பக்கென்று சிரித்தாள். செல்லம்மா நினைவு வந்திருக்க வேண்டும், பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

சாரதா முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மிதியில் கால் வைத்தாள். அப்பாவின் கையிலிருந்து குச்சியை வாங்கிக்கொண்டாள். ஏதோ செய்து காட்டப் போகிறாள் என்று நினைத்து அவரும் கொடுத்துவிட்டார். சக்கரம் சுழன்றது.

"நகம் வேணாம்ப்பா. வாயத் தொறங்க. கீழ்க்கடவாய். அம்மாவுக்குக் கட்டுன அதே பல்லு."

"வெளையாடாத சாரதா."

"கவ்வாத்துதானேப்பா."

அவள் மிதிப்பதை நிறுத்தவில்லை. கல் அவர் முகத்துக்கு நேரே சுற்றிக்கொண்டிருந்தது. பக்கிரிசாமி சரோஜாவைப் பார்த்தார், ஜெயாவைப் பார்த்தார், மறுபடி சிரிக்கப் பார்த்தார். உதடுகள் ஒட்டிக்கொண்டன. கோடு விழுந்த நகம் இருந்த கை மெல்ல எழுந்து வாயைப் பொத்தியது.

ஜெயா சீட்டிலிருந்து இறங்கி அம்மாவின் பக்கத்தில் போய் நின்றாள். அவர் கையை எடுக்கவில்லை.