எட்டு அரைத் தலைகள்

அவருக்கு ரேடியோ என்ற பெயர் வந்தது கல்யாணம் நிச்சயமான அன்று. மாமியாராகப் போகிறவள்தான் வைத்தாள்: "பையன் தங்கம். வாய்தான் ரேடியோ. நிறுத்துற திருகு வைக்க மறந்துட்டாங்க." திருகு இன்றுவரை வைக்கப்படவில்லை. முடிதிருத்தும் கடையில் வந்து உட்காருகிறவரின் தலையை இரண்டு விரலால் சாய்ப்பார். சாய்ந்த தலை நிமிர்வதற்குள் அந்த ஆளின் வீட்டுச் சமாசாரம் முழுதும் வெளியே வந்திருக்கும்.

அதனால், கடல் கடந்து அகதி முகாமுக்கு உதவப் போன ஜெபக்குழுவில் அவரைச் சேர்க்க அதன் தலைவருக்கு மனமே இல்லை. தலைவர் வேறு யாருமல்ல, ரேடியோவின் மனைவிக்கு அண்ணன்.

"மாப்ளே, அங்க நம்ம பாஷை ஒருத்தருக்கும் புரியாது."

"அப்ப குறுக்க பேச ஆளில்லைன்னு சொல்லுங்க மச்சான்."

முகாமில் மச்சான் ஜெபத்துக்குப் போட்ட நாற்பது நாற்காலியில் முப்பது காலி. ரேடியோவிடம் இருந்தது ஒரே நாற்காலி. வரிசையோ வேலி வரைக்கும். அடையாள அட்டைக்குப் படம் எடுக்கும் நாள் நெருங்கியிருந்தது. மாதக்கணக்கில் கத்தரி படாத தலையோடு அந்தப் படத்தில் நிற்க யாருக்கும் விருப்பமில்லை. அவர் நம் பாஷையில் மாமியார் கதையைச் சொல்வார். அவர்கள் தங்கள் பாஷையில் ஊம் கொட்டுவார்கள், பெரும்பாலும் சரியான இடத்தில்.

மறுநாள் படம் என்றிருக்கும்போது, விமானத்தை ஒரு நாள் முன்னுக்குத் தள்ளிவிட்டார்கள் என்று வேன் வந்து நின்றது. இன்னும் எட்டுப் பேர் பாக்கி.

"அரை மணி நேரம்தான் மாப்ளே. அப்புறம் கத்தரிய மூட்ட கட்டிடணும்" என்று சொல்லிவிட்டு மச்சான் பெட்டிகளை ஏற்றப் போனார்.

அரை மணியில் நான்கு தலைக்கு மேல் ஆகாது. ரேடியோ வாயை மூடிக்கொண்டு வேலை பார்த்தார். அந்த அமைதியிலேயே மச்சானுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். திரும்பி வந்து பார்த்தால், எட்டுப் பேரும் வரிசையாக நிற்கிறார்கள். எட்டுத் தலையிலும் இடப்பக்கம் ஒழுங்கு, வலப்பக்கம் காடு.

"என்ன மாப்ளே இது?"

"கிளம்பலாம்னா இப்பவே கிளம்பறேன் மச்சான். நாளைக்கு வலப்பக்கத்த மறைச்சிக்கிட்டு நிக்கச் சொல்லி நீங்களே ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

எட்டுப் பேரும் மச்சானைப் பார்த்தார்கள். மச்சான் வேனைப் பார்த்தார். பிறகு பையைத் துழாவி, ரேடியோவின் பாஸ்போர்ட்டை எடுத்து அவர் சட்டைப் பையில் செருகினார்.

"வியாழக்கிழம விமானத்துல வந்து சேருங்க. தங்கச்சிக்கு நான்தான் பதில் சொல்லணும்."

அந்த வியாழனும் போய்விட்டது. ரேடியோ இன்னும் முகாமில்தான் இருக்கிறார். இப்போது தாடிகளைத் தொடங்கியிருக்கிறார்.