நாலு மில்லிமீட்டர் கீழே

கண்ணாடி வாங்க வருகிறவர்களில் பாதிப் பேருக்குத் தங்கள் மூக்கு எப்படி இருக்கிறது என்றே தெரியாது. சுவரில் ஒட்டியிருக்கும் விளம்பரப் படத்தைக் காட்டி, "அதே மாதிரி குடுங்க" என்பார்கள். படத்தில் இருக்கிறவனுக்கு மூக்குத் தண்டு இருக்கிறது, நிற்கிறது. உங்களுக்கு அது உதட்டில் வந்துதான் உட்காரும் என்று வாய்வரை வரும். அடக்கிக்கொள்வேன். பதினாறு வருஷமாக இந்தக் கடையில் கண்ணாடி பொருத்துகிற வேலை எனக்கு. கண்ணைப் பார்ப்பது உள் அறையில் இருக்கும் டாக்டர். அவர் எழுதிக் கொடுக்கிற பவரை ஒரு மனிதரின் முகத்தில் வலிக்காமல் உட்காரவைப்பது என் பாடு. அதில் எனக்குக் கர்வம் உண்டு. அந்தக் கர்வத்தை ஒரு வேன் டிரைவர் வந்து உடைத்தார்.

எங்கள் கடைக்கு நேர் எதிரே ஒரு கிளினிக். தினமும் மூன்றரை மணிக்கு அங்கே ஒரு வெள்ளை வேன் வந்து நிற்கும். பதினொரு கிளினிக்குகளில் எடுத்த ரத்தத்தை ஐஸ்பெட்டியில் வைத்து, நாற்பது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பெரிய லேபுக்குக் கொண்டுபோகிற வண்டி அது. ஓட்டுகிறவருக்கு ஐம்பத்தெட்டு வயது. கிளினிக் பெண்கள் அவருக்கு வைத்த பெயர் 'ஐஸ்பெட்டி'. பெட்டியைத் தூக்குவதால் மட்டுமில்லை, ஆளும் அப்படித்தான். கையெழுத்து வாங்குவார், பெட்டியை எடுப்பார், போய்க்கொண்டே இருப்பார். ஒரு வார்த்தை கூடுதலாக வராது.

ஒருநாள் அவர் சாலையைத் தாண்டி எங்கள் கடைக்குள் வந்தார்.

"வெயில் நேரா மூஞ்சில அடிக்குதும்மா. கறுப்புக் கண்ணாடி ஒண்ணு வேணும்."

ஏற்கெனவே ஒன்று போட்டிருந்தார். தெருவோரத்தில் வாங்கியது. இரண்டு காதுக்குப் பின்னாலும் பஞ்சு வைத்திருந்தார். கழற்றிப் பார்த்தேன். கம்பி அழுத்தி அழுத்திக் காதின் பின்புறம் பள்ளமாகிச் சிவந்திருந்தது.

"இது எத்தனை நாளாண்ணா?"

"ரெண்டு வருஷம் இருக்கும்."

"ரெண்டு வருஷமா வலிக்குதுன்னு யார்கிட்டயும் சொல்லலையா?"

"யார்கிட்ட?" என்றார். குறையாகச் சொல்லவில்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்டார்.

எனக்குக் கோபம்தான் வந்தது. ஒரு மனிதர் தன் காதையே இப்படிக் கேட்பாரற்று விட்டுவைப்பாரா? டாக்டரிடம் அனுப்பினேன். தூரப் பார்வையும் குறைந்திருந்தது, கிட்டப் பார்வையும் குறைந்திருந்தது. ரோடும் தெரிய வேண்டும், ரத்தம் எடுத்த குப்பியில் ஒட்டியிருக்கும் பொடி எழுத்தும் தெரிய வேண்டும். அதற்குப் புரோக்ரசிவ் லென்ஸ்தான் தோது. ஒரே கண்ணாடியில் மேல்பக்கம் தூரத்துக்கு, அடிப்பக்கம் படிப்பதற்கு.

"வெயில்ல தானா கறுக்குமாமே, அதையே போட்டுடலாமா?" என்று கேட்டார்.

"அது வண்டிக்குள்ள கறுக்காதுண்ணா. அதைக் கறுக்க வைக்கிற கதிரை உங்க முன்கண்ணாடியே தடுத்துடும். ரோட்டுல இறங்கி நின்னாத்தான் கறுக்கும். அப்புறம் அதனால என்ன பிரயோஜனம்?" என்றேன். வெள்ளைக் கண்ணாடிக்கு மேல் காந்தத்தில் ஒட்டிக்கொள்கிற கறுப்பு மூடி ஒன்றைக் காட்டினேன். வெயிலில் போட்டுக்கொள்ளலாம், லேபுக்குள் போனதும் எடுத்துவிடலாம். தலையை ஆட்டினார்.

பிரேம் தேர்ந்தெடுக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. பட்டையான பக்கங்கள் வைத்த ஒன்றை எடுத்தார். பிடுங்கி வைத்தேன். வண்டி ஓட்டுகிறவருக்கு அது ஆகாது. திரும்பிப் பார்க்கிற நேரத்தில் பக்கத்தில் வருகிற பைக் முழுசும் அந்தப் பட்டைக்குப் பின்னால் மறைந்துவிடும். மெல்லிய கம்பியாக ஒன்றைக் கொடுத்தேன். அவருக்கு இடது காது கொஞ்சம் மேலே. ஒரு பக்கக் கம்பியைச் சூடுகாட்டி வளைத்தேன். மூக்கில் உட்காரும் ரப்பர் பொட்டுகளை விரித்தேன். கடைசியில் எல்லாரிடமும் சொல்வதைச் சொன்னேன்.

"கொஞ்சம் சிரிங்கண்ணா."

"எதுக்கும்மா?"

"சிரிச்சாக் கன்னம் மேல வரும். பிரேம்ல இடிக்குதான்னு பாக்கணும்."

அவர் முயன்றார். உதடு இரண்டு பக்கமும் இழுத்தது. கன்னம் இருந்த இடத்தில் அப்படியே இருந்தது. "பரவாயில்லம்மா. வண்டில நான் சிரிக்கிறதில்ல" என்றார்.

பிறகு அளவு. புரோக்ரசிவில் அதுதான் உயிர். கண்மணிக்கு நேராக லென்ஸில் ஒரு புள்ளி வைக்க வேண்டும். அந்தப் புள்ளி ஏறி இறங்கினால் எல்லாம் போச்சு. "எப்பவும் உக்கார்ற மாதிரி உக்காருங்க" என்றேன். முதுகை நிமிர்த்தி, தாடையை உள்ளே இழுத்து, கைகளை முழங்கால்மேல் வைத்து, கண் சிமிட்டாமல் உட்கார்ந்தார். எத்தனை சமர்த்து என்று நினைத்துக்கொண்டு புள்ளி வைத்தேன்.

கண்ணாடி வந்தது. கடையில் போட்டுப் பார்த்தார். எதிர் கிளினிக் போர்டைப் படித்தார், அட்டையில் பொடி எழுத்தைப் படித்தார். அப்பாடா என்று அனுப்பிவைத்தேன்.

நாலாம் நாள் திரும்பி வந்தார். "ரோடு கலங்கலாத் தெரியுதும்மா." போட்டுப் பார்க்கச் சொன்னேன், எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. மூன்று நாள் கழித்து மறுபடியும் வந்தார். டாக்டர் மறுபடி கண்ணைப் பார்த்தார், பவர் சரி. லென்ஸை மெஷினில் வைத்தேன், அதுவும் சரி. முதலாளி என்னைப் பார்த்த பார்வையே சரியில்லை. டிரைவருடைய சூப்பர்வைசர் ஒருநாள் முழுக்கப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து போய்ப் பார்த்தாராம். அன்றைக்கு ஒரு குறையும் இல்லையாம்.

"நேத்து ஒரு சைக்கிள்காரர். கடைசி நிமிஷத்துலதான் என் கண்ணுல பட்டார். இனிமே பயமா இருக்கும்மா. வெள்ளிக்கிழமை வரைக்கும் பாக்கிறேன். சரியாகலைன்னா சாவியைக் குடுத்துடுவேன்."

"குடுத்துட்டு?"

"வீட்டுல இருக்க வேண்டியதுதான்."

அந்த வீட்டைப் பற்றி அன்றைக்குத்தான் சொன்னார். மகளின் பிரசவத்துக்கு மனைவி வெளிநாடு போனாள், ஆறு மாதம் என்று. குழந்தை இப்போது பள்ளிக்கூடம் போகிறது, அடுத்ததும் பிறந்துவிட்டது. சண்டை ஒன்றும் இல்லை. தினமும் போனில் முகம் பார்த்துப் பேசுகிறார்கள். "அப்பா, நெத்திதான் தெரியுது, போனை இறக்கிப் பிடிங்க" என்று மகள் சொல்வதிலேயே இரண்டு நிமிஷம் போய்விடும். பிறகு சாப்பிட்டாச்சா, சாப்பிட்டாச்சு. அவ்வளவுதான். ஒரு அறை, ஒரு கட்டில், நாலு நாற்காலி. அதில் மூன்றின்மேல் துணி. வேன்தான் அவரை வெளியே இழுத்துக்கொண்டு வந்துகொண்டிருந்தது. அதையும் கொடுத்துவிட்டால் அந்த மனிதர் எழுந்து சட்டை மாட்டிக்கொள்ளக்கூட ஒரு காரணம் கிடையாது. வீட்டுக்குப் போனால் என்னை 'வந்துட்டியா' என்று கேட்கவும் ஆளில்லை. ஒரு நாளைக்கு இருபது பேர் காதைத் தொட்டு வளைத்துக் கொடுக்கிறேன், அதோடு சரி.

வியாழக்கிழமை முதலாளியிடம் அரைமணி நேரம் கேட்டுக்கொண்டு அவருடைய வேனில் ஏறிவிட்டேன். என் கண்ணாடி எங்கே தப்புச் செய்கிறது என்று நேரிலேயே பார்த்துவிடுவோம் என்று. அவர் விறைப்பாக உட்கார்ந்து ஓட்டினார்.

"அந்தப் போர்டு தெரியுதா?"

"தெரியுது."

"சிக்னல்?"

"நல்லாத் தெரியுதும்மா. இன்னிக்கு என்னமோ எல்லாமே தெரியுது."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "கண்ணாடில ஒரு குறையும் இல்லண்ணா. குறை உங்க மனசுலதான்" என்று சொல்லிவிட்டேன். அவர் வண்டியைத் திருப்பினார். கடை வாசலில் என்னை இறக்கிவிட்டு, எதிரே கிளினிக் முன்னால் வண்டியை நிறுத்தினார். பெட்டி இன்னும் தயாராகவில்லை போலிருக்கிறது. நான் உள்ளே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு, சொன்னது அதிகப்படி என்று தோன்றி, மன்னிப்புக் கேட்கலாமா என்று கடைக் கண்ணாடிக்குப் பின்னால் நின்று பார்த்தேன்.

வேனில் இருந்தது வேறு ஆள். அதாவது அவரேதான், ஆனால் நான் பார்த்திருந்தவர் இல்லை. சீட்டைச் சாய்த்து, முதுகைச் சரியவிட்டு, தலையைப் பின்னால் போட்டு, தாடையை மேலே தூக்கி, மூக்கு நுனிவழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது. யாரும் பார்க்காத மனிதர் உட்காருகிற விதம்.

எனக்குச் சுரீர் என்றது. தலை அப்படிப் பின்னால் போனால் பார்வை லென்ஸின் அடிப்பக்கம் வழியாகத்தானே போகும்? அது படிப்பதற்கான இடம். ரோடு கலங்காமல் என்ன செய்யும்? நான் அளவெடுத்தபோது அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். சூப்பர்வைசர் ஏறினால் நிமிர்ந்தார். நான் ஏறினாலும் நிமிர்ந்தார். இன்னொரு மனிதர் பக்கத்தில் இருக்கும்போது போட வேண்டிய கண்ணாடியை, நாளெல்லாம் ஒண்டியாக இருக்கும் ஒருவருக்குச் செய்து கொடுத்திருக்கிறேன். பதினாறு வருஷம் வேலை பார்த்து என்ன லாபம்!

ஓடிப்போய் வேன் கதவைத் தட்டினேன். உடனே நிமிர்ந்துவிட்டார்.

"ஐயோ, எதுக்கு நிமிர்றீங்க? முன்னாடி இருந்த மாதிரியே சாயுங்க!"

சாய்ந்தார். ஆனால் கழுத்து விறைத்தே நின்றது. நான் ஸ்கேலை எடுத்துக் கிட்டே போனால் தாடை தானாக உள்ளே போயிற்று. இரண்டு தடவை, மூன்று தடவை. "வர மாட்டேங்குதும்மா" என்று சங்கடப்பட்டார். திட்டி என்ன பயன்?

கண்ணாடியில் ஒரு துண்டு டேப்பைக் குறுக்கே ஒட்டிக் கொடுத்தேன். "தனியா இருங்க. எப்பவும் போலச் சாஞ்சுக்கங்க. தூரத்துல தெரியிற அந்தச் சிக்னலை டேப்போட மேல் ஓரம் தொடற வரைக்கும் டேப்பை மெதுவா நகர்த்துங்க. ஆனதும் ஹாரன் அடிங்க. நான் பாக்க மாட்டேன்."

சாலையைத் தாண்டி வந்து, கடைச் சுவரைப் பார்த்தபடி, அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். போகிற வருகிறவர்கள் எல்லாம் என்னைப் பார்த்தார்கள். முதலாளி உள்ளேயிருந்து, "என்ன அங்க, சாமி கும்பிடறியா?" என்றார். திரும்பவில்லை. ஏழெட்டு நிமிஷம் ஆயிற்று. ஒரு மனிதர் தனியாக இருக்கிறோம் என்று நம்புவதற்கு அவ்வளவு நேரம் ஆகும் என்று அதற்கு முன்னால் எனக்குத் தெரியாது. ஹாரன் அடித்தது.

அளந்தேன். நான் வைத்த புள்ளிக்கு நாலு மில்லிமீட்டர் கீழே.

வெள்ளிக்கிழமை அவர் சாவியைக் கொடுக்கவில்லை. புது லென்ஸ் வரும்வரை லீவு போடச் சொல்லி நான்தான் கெஞ்சினேன். அதே மாதிரி இன்னொரு பிரேமில் செய்து வந்தது. வாங்கிப் போட்டுக்கொண்டு அன்றைக்கே வேனை எடுத்தார். மறுநாள் மூன்றரைக்கு வேனை நிறுத்தியதும் நேராகக் கடைக்கு வந்தார். பெட்டிக்குக்கூடப் போகவில்லை.

"தெரியுதும்மா. லேப் வரைக்கும் ஒரு இலை, ஒரு கல்லு விடாமத் தெரியுது." முதல்முறையாகக் கன்னம் மேலே வந்தது. பிரேமில் இடிக்கவில்லை, அதையும் பார்த்துக்கொண்டேன்.

பிறகு சட்டைப் பையிலிருந்து, நான் முதலில் செய்து கொடுத்த பழைய கண்ணாடியை உறையோடு எடுத்து என் மேஜைமேல் வைத்தார்.

"இது உங்ககிட்டயே இருக்கட்டும்."

"உங்க பவர்ண்ணா. வேற யாருக்கும் ஆகாது. வெச்சுக்கங்க, இதுவும் நல்ல கண்ணாடிதான். நாலு பேரோட உக்காரும்போது போட்டுக்கலாம்."

அவர் உறையைக் கையில் எடுத்தார். "எப்பம்மா போடறது?" என்று கேட்டார்.

முதல் நாள் 'யார்கிட்ட?' என்று கேட்டாரே, அதே குரல். எந்தக் கண்ணாடியை எப்போது போடுவது என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவள் நான். வாடிக்கையாளர் நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

"இப்பப் போடுங்க. உக்காருங்க."

போட்டுக்கொண்டார். முதுகு நிமிர்ந்தது, தாடை உள்ளே போயிற்று. என் முகத்தைப் பார்த்தார். நானும் பார்த்தேன். ஃபேன் ஓடிற்று. "நெத்தில அது என்ன தழும்பு?" என்று கேட்டார். சின்ன வயதில் படியில் விழுந்தது என்றேன். பதினாறு வருஷத்தில் அதை யாரும் கேட்டதில்லை என்று சொல்லவில்லை. எத்தனை தையல் என்று கேட்டார். மூன்று என்றேன். அப்போது எதிர் கிளினிக் பெண் வாசலுக்கு வந்து, பெட்டி ரெடி என்று கையசைத்தாள்.

எழுந்தார். பழைய கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, உறையில் போட்டார், புதியதை மாட்டிக்கொண்டார். ஒரு நொடி மேஜைக்கு நேராகக் கையை நீட்டியவர், மடக்கிச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு போனார்.