ட்ரையல் வண்டி

முதலில் தெரிந்தது காபி டம்ளரில்தான். காலையில் என் கணவர் அதைக் கையில் எடுத்தால் டபராவில் தந்தியடிக்கும். "குளிருது" என்பார். தாம்பரத்தில், மே மாதத்தில். நானும் கொஞ்ச நாள் நம்புகிற மாதிரி இருந்தேன். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு குளிர் இருந்தால், இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

அவர் பெயர் ஆரோக்கியசாமி. எலெக்ட்ரிக் ரயில் பழுதுபார்க்கும் ஷெட்டில் ஃபிட்டர். ஞாயிறு தவறாமல் பூசைக்கு வருவார், சாயங்காலம் தவறாமல் குடிப்பார். குடித்தால் அடிக்கிறவர் இல்லை. என்னை உட்காரவைத்துப் பாட்டுப் பாடுவார், அதுதான் தொல்லை. ஒரு நாள் ரத்தமாக வாந்தி எடுத்தார். ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். கல்லீரல் வீங்கியிருக்கிறது, இனியும் குடித்தால் ஆளைக் காப்பாற்ற முடியாது என்றார்கள். பெயரைக் கேட்ட டாக்டரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுதினார். எனக்குக் கோபம் வரவில்லை. அந்தப் பெயரைச் சொல்லி நானே எத்தனையோ முறை திட்டியிருக்கிறேன்.

குடி நின்ற ஓரிரு நாளில் அவருக்கு டெலிரியம் வந்தது (பல வருடக் குடியைத் திடீரென்று நிறுத்தினால் சிலருக்கு மூளை குழம்பி, இல்லாததெல்லாம் கண்ணில் தெரியும், உயிருக்கே ஆபத்து, அதனால் வீட்டில் வைத்து நிறுத்தப் பார்க்காதீர்கள்). படுக்கையில் கிடந்தபடி ரயிலுக்கு நட்டு முடுக்கினார்.

"பதினேழு ஸ்பானர் குடு" என்றார் என்னிடம். வெறுங்கையை நீட்டினேன். வாங்கிப் பார்த்துவிட்டு, "இது பதினாலு. கண்ணு தெரியலயா?" என்று திருப்பிக் கொடுத்தார். அழுதுகொண்டே கட்டிலுக்கு அடியில் தேடி, சரியான ஸ்பானரை எடுத்துக் கொடுத்தேன். அவர் வேலை செய்வதை நான் பார்த்தது அன்றுதான். எவ்வளவு பொறுமையாகச் செய்கிறார் என்று ஆச்சரியமாக இருந்தது.

தெளிந்த பிறகு அதே டாக்டரம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். பல்கலைக்கழகத்தில் ஒரு புதிய மருந்தை ஆராய்கிறார்களாம். குடிக்கும் ஆசையை அது குறைக்கலாம், குறைக்காமலும் போகலாம். பாதிப் பேருக்கு மருந்து, மீதிப் பேருக்குப் பிளாசிபோ (பார்க்க அதே மாதிரி இருக்கும், உள்ளே மருந்து இருக்காது). யாருக்கு எது என்பது ஆராய்ச்சி முடியும்வரை டாக்டருக்கே தெரியாது. "இஷ்டம் இருந்தா மட்டும் இந்தச் சோதனையில சேரலாம்" என்றார்.

"சோதனையில விழாம காப்பாத்துனு டெய்லி ஜெபம் பண்றவங்க நாங்க" என்றார் இவர். "நீங்க இன்னாடான்னா சோதனையில வந்து சேருன்றீங்களே."

டாக்டரம்மாவுக்குப் புரியவில்லை. எங்கள் ஜெபத்தில் சோதனை என்றால் பாவத்துக்கு இழுப்பது என்று நான் விளக்கினேன். "சரி, ஆய்வுன்னு வச்சுக்கலாமா?" என்று கேட்டார்.

"ஆய்வு வாணாம்மா. ஆபீசர் ஆய்வுக்கு வந்தா நாங்க துருவெல்லாம் பெயிண்ட் அடிச்சு மறைச்சிடுவோம்."

டாக்டரம்மா சிரித்துவிட்டார். "இங்கிலீஷ்ல ட்ரையல்னு சொல்லுவோம்."

இவர் எழுந்து உட்கார்ந்தார். பழுது பார்த்த வண்டியை ஆள் ஏற்றாமல் ஓட்டிப் பார்ப்பதற்கு ஷெட்டில் அதுதான் பெயர். "ட்ரையல்னா சரி. எங்க நிக்குது, எங்க சத்தம் போடுதுன்னு அப்டியே சொல்லணும். அதுக்கு நான் வரேன்."

மாத்திரையைத் தினமும் என் கையால் கொடுக்கச் சொன்னார்கள். வாயில் போட்டதும் இவர் ஆராய்ச்சியைத் தொடங்கிவிடுவார். ஒரு நாள், "கசக்குது லில்லி, மருந்துதான்." மறுநாள், "இட்லி மாவு வாசனை வருது, ஏமாத்திட்டாங்க." ஆனால் சாயங்காலங்களில் வீட்டில் இருந்தார். என்ன செய்வதென்று தெரியாமல் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அப்புறம் பொழிச்சலூரில் ஒரு கல்யாணம். பந்தலுக்குப் பின்னால் யாரோ கொடுக்க, குடித்துவிட்டார். அந்த வாரம் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது ரயிலில் கெஞ்சினேன். "சொல்லாதீங்க. வெளிய அனுப்பிடுவாங்க. டாக்டரம்மா மனசும் கஷ்டப்படும்." நமக்கு நல்லது செய்கிறவர்களிடம் கெட்ட சேதி சொல்ல வாய் வருவதில்லை.

"வழியில நின்ன வண்டிய நிக்கலன்னு சொன்னா, அது ட்ரையலே இல்ல" என்றார். போய் உட்கார்ந்ததும் முதல் வேலையாகச் சொன்னார். டாக்டரம்மா திட்டவில்லை. எழுதிக்கொண்டு, "சொன்னதுக்கு நன்றி. அடுத்த வாரமும் வாங்க" என்றார்.

எல்லாம் முடிந்து, யாருக்கு எது என்று சொல்லும் நாளும் வந்தது. மருந்தில்லாத மாவு மாத்திரையாகத்தான் இருக்க வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டேன். மாவென்றால் அவர் தானாகவே குடியை நிறுத்தியிருக்கிறார், நாளைக்கும் தொடமாட்டார் என்று அர்த்தம். டாக்டரம்மா சொன்னார்: "உங்களுக்கு வந்தது மருந்துதான். ஆனா அது இங்க இன்னும் கடைக்கு வரல. இனிமே குடுக்க வழியில்ல." சேரும்போதே சொன்ன விஷயம்தான். அப்போது அது காதில் ஏறவில்லை. "மாத்திரை இல்லன்னாலும் வாராவாரம் வாங்க" என்றும் சொன்னார்.

திரும்பும்போது பல்லாவரம் தாண்டியதும், "பயமா கீது லில்லி" என்றார். கல்யாணமான நாளிலிருந்து அந்த வார்த்தையை அவர் வாயால் நான் கேட்டதில்லை. பெட்டியில் கூட்டம் இல்லாவிட்டால் அங்கேயே கட்டிப்பிடித்திருப்பேன். "எனக்கும்தான்" என்றேன்.

அதற்குப் பிறகு இரண்டு தடவை சறுக்கினார். இரண்டு தடவையும் தானே போய்ச் சொன்னார். இப்போது சில வருடங்களாக இல்லை. குடி நின்றது மருந்தாலா, அவராலா, அந்த அம்மா திட்டாததாலா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. உங்கள் டாக்டர் இப்படி ஒன்றுக்குக் கூப்பிட்டால், கேட்க வேண்டியதையெல்லாம் கேளுங்கள். முடிந்த பிறகு என்ன என்பதையும் கேளுங்கள்.

அவர் உடம்பு தேறிவிட்டது. தேறாதது என் காதுதான். இருட்டத் தொடங்கினால் தெருவில் போகிற ஒவ்வொரு செருப்புச் சத்தத்தையும் அது பின்தொடரும். நேராக வருகிறதா, இழுத்துக்கொண்டு வருகிறதா, நம் கேட்டில் இடிக்கிறதா என்று பார்க்கும். அவர் எதிரில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கும்போதே இப்படி. நேற்றும் அப்படித்தான், நறுக்கிக்கொண்டிருந்த கத்தியை நிறுத்திவிட்டு வாசலைப் பார்த்தபடி இருந்திருக்கிறேன்.

"இன்னா, வாசலையே பாத்துகினு கீற? யார் வரணும்?"

"நீங்கதான்" என்று வாய் தவறி வந்துவிட்டது.

அவர் சிரிக்கவில்லை. உரித்த வெங்காயத்தை என் பக்கம் தள்ளிவிட்டு, "நான் எப்பவோ வந்துட்டனே லில்லி" என்றார்.