பக்கத்து சிஸ்டத்து அனானி

என் விவாகரத்தைப் பற்றி இந்த வலைப்பதிவில் எழுதியதிலிருந்து ஓர் அனானி பெயர் போடாமல் வந்து என்னைத் திட்டிக்கொண்டிருந்தது உங்களுக்குத் தெரியும். தாங்க முடியாமல் நேற்றுப் பின்னூட்டப் பெட்டியை மூடிவிட்டேன்; எழுதலாம், அனுப்பினால் போகாது.

இன்று தேரடித் தெரு பிரவுசிங் சென்டரில் மெயில் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்து சிஸ்டத்தில் இருந்த பெரியவர் திரும்பி, "கொஞ்சம் பாருங்கம்மா, எழுதினது போவ மாட்டேங்குது" என்றார்.

எட்டிப் பார்த்தால், என் பதிவு. அவர் ஒற்றை விரலால் அடித்து வைத்திருந்தது: 'வாழாவெட்டிக்கு எழுத்து ஒரு கேடா?'

பதிவில் என் படம் இல்லை. அதனால் அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை.

"அந்தம்மா பெட்டிய மூடிட்டாங்க போலருக்கு. அவங்க மேல ஏங்க இவ்ளோ கோவம்?" என்றேன்.

அவர் திரையையே பார்த்தபடி சொன்னார்.

"என் பொண்ணும் புருஷன் வேணாம்னு வந்துட்டாம்மா. ஊர்ல பேச்சு ஜாஸ்தியாயிடுச்சு. ஆனா அவள ஒரு வார்த்த சொல்ல மனசு வரல. அதான் இங்க வந்து இவளத் திட்டிட்டுப் போவேன். அப்பதான் வீட்ல அவகூட உக்காந்து சாப்புட முடியுது."

நான் யாரென்று சொல்லாமலே எழுந்து வந்துவிட்டேன்.

பெட்டியை மறுபடி திறந்திருக்கிறேன். இதை அவரும் படிப்பார், படிக்கட்டும். நீங்கள் யாரும் அவரைப் பதிலுக்குத் திட்டாதீர்கள். கை அரித்தால் என்னைத் திட்டுங்கள், எனக்குப் பழகிவிட்டது.

அந்த வீட்டில் ஒரு பெண் அப்பாவோடு சாப்பிடக் காத்திருப்பாள்.