நேரில் போய்ப் பார்த்த விளம்பரங்கள்

தோட்டத்திலிருந்து முத்துலட்சுமி போனில் அழைத்தபோது, தலவாக்கலையில் என் போன் திருத்தும் கடையில் ஓர் ஆசிரியருடைய போனுக்குக் கண்ணாடி மாற்றிக்கொண்டிருந்தேன். "அண்ணே, புவனா அக்கா போயிட்டாங்க" என்றாள். காலையில் பிள்ளைக்காம்பராவில் குழந்தைகளுக்குத் தொட்டில் கட்டும்போது நெஞ்சு வலி என்று உட்கார்ந்தாராம். தோட்டத்து லொறியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். பகலுக்குள் முடிந்துவிட்டது. என் முகத்தைப் பார்த்த ஆசிரியர் விசாரித்தார், சொன்னேன். யாழ்ப்பாணத்து மனிதர், புவனா அக்காவை ஒருநாளும் கண்டதில்லை. "அவவின்ர இணையப் பக்கத்தில பாத்துத்தான் உங்கட கடைக்கே வந்தனான். நீங்கள் போங்கோ, கண்ணாடியை நாளைக்குப் போடலாம்" என்றார். கடையைப் பூட்டிவிட்டு பஸ் ஏறினேன்.

அக்காவை அறிந்த உங்களுக்கு அவர் பிள்ளைக்காம்பரா ஆயம்மா. தாய்மார் கொழுந்து எடுக்க மலைக்குப் போனதும், அவர்களுடைய பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவர். பகலில் பிள்ளைகள் தூங்கும் நேரத்தில் அவர் போனில் எழுதியதுதான் அந்த வலைப்பூ. அதற்கு ஒரு பெயர் வைத்திருந்தார், ஆனால் லயத்து வீடுகளில் யாரும் அந்தப் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை. எல்லோருக்கும் அது 'அக்கா பக்கம்'. அடையாள அட்டைக்கு என்னென்ன கடுதாசி கொண்டுபோக வேண்டும், மழையில் எந்த ரோடு சரிந்திருக்கிறது, அக்கரபத்தனை பஸ் எந்தக் கிழமை வராது, மூன்று வயதுப் பிள்ளை தொட்டிலில் கிடந்தபடி என்ன கேள்வி கேட்டது என்று எல்லாம் அதில் இருக்கும். கொழும்பில் கடைகளில் வேலை செய்யும் நம் பிள்ளைகள் காலையில் முதலில் திறப்பது அதைத்தான்.

அதில் விளம்பரம் போடலாம் என்று சொன்னவன் நான். பக்கம் தன் செலவைத் தானே பார்த்துக்கொள்ளட்டும் என்பது என் வாதம். ஒரு விளம்பர நிறுவனத்தில் பதிவு செய்து, அவர்கள் தந்த குறியீட்டைப் பக்கத்தில் ஒட்டிவிட்டால் போதும், விளம்பரங்கள் தாமாகவே வரும். எத்தனை பேர் பார்த்தார்கள், எதை விரலால் அமத்தினார்கள், எத்தனை மணிக்கு என்பதெல்லாம் கோடு கோடாக வரைந்து காட்டும். பரீட்சை முடிவு வந்த மாணவனைப் போல அந்த வரைபடத்தைத் தூக்கிக்கொண்டு அக்காவிடம் ஓடுவேன். அவர் சின்னக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பொறுமையாகப் பார்ப்பார். "இது எத்தன தடவ கை பட்டுச்சுன்னு சொல்லுது. கை பட்டவங்களுக்கு அப்புறம் என்ன ஆச்சு தம்பி?" என்று ஒருமுறை கேட்டார். அதெல்லாம் இதில் தெரியாது அக்கா என்று சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

இரண்டாம் மாதம் வரைபடத்தில் ஓர் அதிசயம் நடந்தது. காலை ஏழு மணியை ஒட்டி, தினமும் ஒரே நேரத்தில், கோடு மலை மாதிரி எழும்பி இறங்கியது. அதிலும் ஒரே ஒரு விளம்பரத்தைத்தான் ஆட்கள் அமத்தியிருந்தார்கள். வெளிநாட்டில் வீட்டு வேலை, உடனடியாக ஆள் தேவை என்ற விளம்பரம். நம் மக்கள் இதை விரும்புகிறார்கள் என்று நான் மேதாவியாக முடிவு கட்டினேன். நிறுவனத்தின் இயந்திரமும் அதே முடிவுக்கு வந்து, அந்த விளம்பரத்தையே மேலும் மேலும் கொண்டுவந்து போட்டது.

நடந்தது வேறு. மேல் டிவிசனில் போன் சரியாக எடுபடுவது பெரட்டுக் களத்தில் மட்டும்தான். காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்க நிற்கும் பெண்கள் அங்கேதான் அக்கா பக்கத்தைத் திறப்பார்கள். விளம்பரத்தை அமத்தினால் அக்காவுக்கு நல்லது என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அவ்வளவுதான். ஒரு போன் கைமாறி கைமாறி வரிசை முழுவதும் போகும். மேலே எது இருக்கிறதோ அதை ஒவ்வொருத்தியும் ஒருதடவை அமத்திவிட்டுத்தான் கூடையைத் தோளில் போடுவாள். சாமி கும்பிட்டுவிட்டுப் போவதுபோல அதை ஒரு வழக்கமாகவே ஆக்கிவிட்டார்கள், அக்காவுக்குத் தெரியாமல்.

அந்த வரிசையில் முத்துலட்சுமியும் நின்றாள். அவள் அமத்தியபோது ஒரு படிவம் திறந்து, பெயரும் நம்பரும் கேட்டது. கேட்டார்கள், கொடுத்தாள். அடுத்த நாளே கொழும்பிலிருந்து ஒரு குரல் பேசியது. பாஸ்போட்டையும் அடையாள அட்டையையும் எடுத்துக்கொண்டு வியாழக்கிழமை வரச் சொன்னது. அவளுக்கு அப்போது நான்கு வயதில் ஒரு மகள், அக்காவின் பிள்ளைக்காம்பராவில்தான் இருந்தாள்.

"அக்கா, வியாழக்கெழமையிலருந்து பாப்பாவ எங்கம்மா வந்து வுடுவாங்க."

"ஏன், நீ எங்க போற?"

"வெளிநாட்டு வேலைக்குத்தான். நீங்கதானே அக்கா போட்டிருந்தீங்க. நீங்க போட்டா நல்ல எடமாத்தான் இருக்கும்னு சொல்லிட்டேன்."

அக்கா அந்த விளம்பரத்தை ஒருதடவைகூடக் கண்டதில்லை. தன் போனில் தன் பக்கத்தைத் திறந்தால் அவருக்கு எப்போதும் சோப்பு விளம்பரம்தான் வரும்.

போகாதே என்று ஒரு வார்த்தையில் முடித்திருக்கலாம். வேறு யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பார்கள். "போகாதன்னு சொல்ல எனக்கு என்னா தெரியும்? நல்ல வேலையாவும் இருக்கலாம், நான் கெடுக்கக் கூடாது. போய்ப் பார்த்துட்டு வருவோம்" என்று சொல்லி, இரண்டு நாள் லீவு போட்டார். அதற்கு முன் கண்டியைத் தாண்டாத மனுசி, முத்துலட்சுமியைக் கூட்டிக்கொண்டு ரயில் ஏறினார். விளம்பரத்தில் இருந்த விலாசத்தில் ஒரு பெயின்ட் கடைதான் இருந்தது. அப்படி ஒரு ஏஜென்சிக் கந்தோர் இங்கே இருந்ததே இல்லை என்று கடைக்காரர் சிங்களத்தில் சொன்னாராம். இப்படித் தேடிக்கொண்டு வருகிற பெண்களுக்குப் பதில் சொல்லியே தனக்கு வாய் வலிக்கிறது என்றாராம். அதற்குள் அந்தக் குரல் மறுபடி பேசி, பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் நிற்கும் ஒருவரிடம் பாஸ்போட்டைக் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னது. அக்கா போனை வாங்கி அணைத்துத் தன் பையில் போட்டுக்கொண்டார்.

திரும்பும் ரயிலிலிருந்து என்னை அழைத்தார்.

"அத எடுத்துருங்க தம்பி. எல்லாத்தையும்."

"அந்த ஒண்ண மட்டும் தடுக்கலாம் அக்கா."

"அடுத்தது எது வரும்னு ஒங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்ப எடுத்துருங்க."

எடுத்துவிட்டேன். மறுநாள் காலை அக்கா பெரட்டுக் களத்துக்குப் போனார். யாரையும் ஏசவில்லை. ஒங்களுக்கு ஒதவியா இருக்கும்னுதான் அமத்துனோம் என்று பெண்கள் அழுதபோது, அவர்களோடு சேர்ந்து தானும் அழுதார். பிறகு பக்கத்தில் எழுதினார்: "என் வீட்டு வாசலில் நின்று யாரோ கூப்பிட்டிருக்கிறார்கள். யாரென்று நான் எட்டிப் பார்க்கவில்லை. தப்பு என்னுடையது." சந்தேகமான அமத்தல்கள் காரணமாக உங்கள் கணக்கை மூடுகிறோம் என்று விளம்பர நிறுவனத்திடமிருந்து இரண்டு வாரம் கழித்து ஒரு கடிதம் வந்தது. அதை வாசித்துக் காட்டியபோது அக்கா விழுந்து விழுந்து சிரித்தார்.

அதன்பிறகு அவர் செய்ததை நினைத்தால் எனக்கு இன்னும் மலைப்புத்தான். விளம்பரம் வேண்டாம் என்று ஒதுங்கவில்லை. மக்களுக்குத் தையல்காரர் வேண்டும், மூக்குக்கண்ணாடிக் கடை வேண்டும், டியூசன் வேண்டும், எங்கே போவார்கள் என்றார். பக்கத்தில் ஆறே ஆறு இடம் வைத்தார். லீவு நாட்களில் ஒவ்வொரு கடைக்கும் யாரென்று சொல்லாமல் போய்வருவார். திருப்தி என்றால்தான் விளம்பரம் ஏறும். அதன் கீழே ஒரு வரி இருக்கும்: 'நேரில் போய்ப் பார்த்தேன் – புவனா'. மாலையில் பிள்ளைகளைக் கூட்டிப்போக வரும் தாய்மாரிடம் யார் எங்கே போனார்கள், என்ன ஆயிற்று என்று கேட்டு ஒரு கொப்பியில் எழுதுவார். "கொட்டகலை தையல் கடை: பாவாடை சொன்ன நாளில் கிடைத்தது, நூல் தொங்கியது." என் வரைபடத்துக்குத் தெரியாததெல்லாம் அந்தக் கொப்பிக்குத் தெரிந்திருந்தது.

என் கடையையும் அவர் விடவில்லை. முன்பின் தெரியாத ஒரு பெண் சார்ஜ் ஏறாத போனைக் கொண்டுவந்தாள். துவாரத்தில் தூசிதான், ஊதினால் போகும். நான் பெட்டரி மாற்ற வேண்டும் என்றேன். அன்று பின்னேரமே அக்கா பேசினார். "தம்பி, ஒங்க கடைய அடுத்த மாசம் பார்ப்போம்." அவ்வளவுதான் சொன்னார். அந்தப் பெண்ணை அனுப்பியதே அவர்தான். மூன்று மாதம் காக்க வைத்துத்தான் ஏற்றினார்.

மரண வீட்டில் அந்த ஆறு கடைக்காரர்களில் என்னைத் தவிர மற்ற ஐந்து பேரையும் கண்டேன். எட்டாம் நாள் காரியம் முடிந்த கிழமை, விளம்பரங்களுக்குக் கீழே இருந்த வரியை அழிக்க உட்கார்ந்தேன். இறந்தவர் போய்ப் பார்த்ததாக இனி எப்படிச் சொல்வது? முத்துலட்சுமி அருகில் இருந்தாள்.

"அத எடுத்துட்டா யாருண்ணே நம்புவாங்க?"

"வச்சிருந்தா பொய்யாயிரும்மா."

அவள் அக்காவின் கொப்பியை எடுத்து மடியில் விரித்துக்கொண்டாள். "அப்ப நான் போய்ப் பார்க்குறேன். மொதல்ல ஒங்க கடைதான். அந்த மாஸ்டரோட கண்ணாடிய எப்ப போட்டுக் குடுத்தீங்க?"

"சொன்னதுக்கு அடுத்த நாளு. சொன்ன அன்னைக்குத்தானேம்மா அக்கா..."

"தெரியும்ணே. அதயும் எழுதிக்கிறேன்."

எழுதினாள்: "போன் கடை, தலவாக்கலை: கண்ணாடி ஒரு நாள் பிந்தியது. தருவதாகச் சொன்ன நாள் புவனா அக்கா இறந்த நாள்." அக்காவின் கையெழுத்து முடிந்த இடத்துக்கு நேர் கீழே அந்த வரி இருக்கிறது.

இப்போது பக்கத்தில் விளம்பரங்களுக்குக் கீழே முத்துலட்சுமியின் பெயர் ஒவ்வொன்றாக ஏறி வருகிறது. என் கடைக்கு இன்னும் ஏறவில்லை. ஒருநாள் ஆள் அனுப்புவேன், யாரென்று சொல்லமாட்டேன் என்றிருக்கிறாள். அதனால் கடைக்குள் யார் வந்தாலும், அக்கா அனுப்பிய ஆளாக இருக்கும் என்றே எழுந்து நிற்கிறேன். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது இந்த எழுந்து நிற்றல்தான்.