பன்னிரண்டாம் எண் அறையில் என் சித்தி

திருச்சியில் பேய் உலவும் ஓட்டல் என்று ஒரு வீடியோவை என் மகள் கைபேசியில் காட்டினாள். வாசல் வளைவைப் பார்த்ததுமே அது எந்த ஓட்டல் என்று தெரிந்துவிட்டது. வீடியோவில் பேசியவர் மாடிக்குப் போய், பன்னிரண்டாம் எண் அறையின் பூட்டிய கதவைக் காட்டினார். காதல் தோல்வியில் ஒரு பெண் உள்ளே தூக்குப் போட்டுக்கொண்டாளாம். இன்றைக்கும் பிற்பகல் மூன்று மணிக்கு உள்ளேயிருந்து தட்டுகிறாளாம். மகள் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்த அறையில் இறந்தது என் சித்தி. அவள் தூக்குப் போட்டுக்கொள்ளவில்லை.

சித்தி என் அம்மாவுக்கு ஒரே தங்கை. சென்னையில் அரசு அலுவலகத்தில் தட்டச்சராக இருந்தாள். கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவள். வருஷத்துக்கு ஒரு முறை, மார்கழியில், ஸ்ரீரங்கத்துக்கு வருவாள். கோயிலுக்குப் பக்கத்தில் எத்தனையோ தங்கும் இடங்கள் இருந்தாலும், ஆற்றுக்குத் தெற்கே, திருச்சி கன்டோன்மென்டில் இருக்கும் இந்த ஓட்டலில்தான் தங்குவாள். தனியாக வரும் பெண்ணுக்கு அறை கொடுக்க மற்ற இடங்களில் ஆயிரம் கேள்வி கேட்டார்கள், இங்கே கேட்கவில்லை என்பாள். எனக்குப் பத்து வயதானபோது ஒரு முறை என்னையும் அழைத்து வந்தாள். உயரமான கூரை, சிவப்புத் தரை, வெள்ளைச் சட்டைக்காரர் தட்டில் கொண்டுவந்து வைத்த காபி. ஓட்டல் காபி குடிக்க எனக்கு அனுமதி கொடுத்த முதல் ஆள் அவள்தான்.

நான் கல்லூரி முடித்த வருஷம், அதே அறையில் அவளுக்கு ஆஸ்துமா முற்றி மூச்சு நின்றுபோனது. அப்பாவும் நானும் வந்து, டாக்டர் கொடுத்த சான்றிதழை வாங்கிக்கொண்டு, காவிரிக் கரையிலேயே காரியத்தை முடித்தோம். அவ்வளவுதான் நடந்தது.

விட்டுவிடு, யாரோ என்னவோ சொல்லிவிட்டுப் போகட்டும் என்றார் கணவர். என்னால் விட முடியவில்லை. ஓட்டலுக்குப் போன் செய்தேன். பன்னிரண்டைத் தவிர எந்த அறை வேண்டுமானாலும் தருவதாகச் சொன்னார்கள். ஆடி மாதம், காற்று ஆளைத் தள்ளும் ஒரு காலையில், பையை எடுத்துக்கொண்டு ரயிலேறிவிட்டேன்.

மேனேஜர் நல்ல மனிதர். மரியாதையாகத்தான் பேசினார். அந்த அறை பழைய மெத்தைகள் போட்டு வைக்கும் இடமாகி வெகு நாளாகிறது என்றார். பக்கத்து அறையை ஏசியோடு தருகிறேன் என்றார். கடைசியில் குரலைத் தாழ்த்தி, "அது உங்களுக்கு வேண்டாங்க மேடம், அங்க ஒரு பொண்ணு இறந்திருக்கு" என்றார்.

"தெரியும். அது என் சித்தி" என்றேன்.

முதலாளியைக் கேட்டுத்தான் சொல்ல முடியும் என்றார். கேளுங்கள், நான் இங்கேயே இருக்கிறேன் என்று கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். முதலாளி போனை எடுக்கவில்லை. ஒரு மணி நேரம் ஆனது, இரண்டானது. வருகிறவர் போகிறவரெல்லாம் என்னைப் பார்த்தார்கள். எழுந்து போய்விட்டால் திரும்பி வரும் தைரியம் இருக்காது என்று எனக்குத் தெரியும். அதனால் சாப்பிடக்கூடப் போகவில்லை. மேனேஜரே தட்டில் இட்லி அனுப்பிவைத்தார். பகல் ஒரு மணிக்குச் சாவியும் வந்தது. இரண்டு நாள் மட்டும் என்றார்.

அறையைச் சுத்தம் செய்ய வந்தவர் உறையூர்க்காரப் பெண், நாற்பது வயதிருக்கும். மெத்தைகளை வெளியே எடுத்துப் போட ஆண்கள் இரண்டு பேர் வந்து போனார்கள். அவர் மட்டும் துடைப்பத்தைப் பிடித்தபடி வாசலிலேயே நின்றார். உள்ளே வரச் சொல்லி அவரை வற்புறுத்த மனமில்லை. துடைப்பத்தை வாங்கி நானே பெருக்க ஆரம்பித்தேன். தூசி தட்டத் தட்ட அதே சிவப்புத் தரை வெளியே வந்தது.

பாதி பெருக்கியிருப்பேன், மணி மூன்றாகியிருக்கும். டக், டக் என்று சத்தம் கேட்டது. வாசலில் நின்றவர் நிலைக்கதவைப் பற்றிக்கொண்டார். பொய் சொல்ல மாட்டேன், எனக்கும் உடம்பு சில்லிட்டது. வீடியோவைப் பார்த்துக் கோபப்பட்டவளுக்கு அந்த நொடியில் கோபமெல்லாம் எங்கேயோ போய்விட்டது. அப்புறம் ஒன்று தோன்றியது. சித்தியாகவே இருந்தால்தான் என்ன? எனக்குத் தலை பின்னிவிட்டவள்தானே. அவளைக் கண்டு நான் ஏன் ஓட வேண்டும்?

சத்தம் வந்த ஜன்னலுக்குப் போய்த் திரைச்சீலையை இழுத்தேன். மரக் கதவின் இரும்புக் கொக்கி கழன்று தொங்கியது. வெளியே காற்று வீசும்போதெல்லாம் அது மரத்தில் அடித்தது. பிற்பகலில் அந்தப் பக்கம்தான் காற்று. கையால் பிடித்தேன், சத்தம் நின்றது. விட்டேன், மறுபடியும் டக்கென்றது. அவருக்குத் தெரியும்படி நாலு தடவை செய்து காட்டினேன்.

அவர் ஓரடி உள்ளே வந்தார். "அப்ப அந்தம்மா தூக்கு மாட்டிக்கலையாங்க?"

இல்லை என்றேன். ஆஸ்துமாவைப் பற்றிச் சொன்னேன். அவள் வேலையைப் பற்றி, மார்கழிப் பயணத்தைப் பற்றி, யாரையும் காதலித்து ஏமாந்தவள் இல்லை என்பதைப் பற்றியெல்லாம் சொன்னேன். அவர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து கேட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "பன்னண்டு வருஷமா இந்தக் கதவத் தாண்டும்போதெல்லாம் அவங்கள மனசுக்குள்ள திட்டிக்கிட்டே போயிருக்கேங்க. பாவம், மூச்சு முட்டிச் செத்தவங்கள."

மீதி அறையை இரண்டு பேருமாகப் பெருக்கினோம். கொக்கியைத் துணிக் கிழிசலால் கட்டிவைத்தோம். அன்று இரவு நன்றாகத் தூங்கினேன், அதைப் பற்றிச் சொல்ல வேறொன்றுமில்லை. மறுநாள் பஸ் பிடித்து ஸ்ரீரங்கம் போய், சித்தி பேரில் ஒரு அர்ச்சனை செய்துவிட்டு, அம்மா மண்டபத்துப் படித்துறையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். ஆறு கரை தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. அவளுக்காக அன்றுதான் முதல் முறையாக அழுதேன். இறந்தபோது அப்பாவுக்குத் துணையாக நிற்க வேண்டியிருந்ததில் அழ நேரமே கிடைக்கவில்லை.

கிளம்பும்போது மேனேஜரிடம், அறையை இனி எல்லோருக்கும் கொடுங்கள் என்றேன். அவர் தயங்கி, உண்மையைச் சொன்னார். வீடியோ வந்த பிறகு அந்தக் கதவைப் பார்ப்பதற்கென்றே சிலர் வந்து தங்குகிறார்களாம்.

"கதை வேணும்னா வேற கதை சொல்லிக்கோங்க. அவங்க உங்க ஓட்டல நம்பி வந்தவங்க" என்றேன். அவர் பன்னிரண்டின் சாவியை மற்றச் சாவிகளோடு பலகையில் மாட்டினார்.

ஊருக்கு வந்ததும் வீடியோக்காரருக்கு எழுதினேன். பதில் இல்லை. மறுபடி எழுதினேன், டாக்டர் சான்றிதழைப் படமெடுத்து அனுப்பினேன். ஐந்தாவது கடிதத்துக்கு அவரே போன் செய்தார். வீடியோவை எடுக்க முடியாது, தூக்கு என்ற பகுதியையும் அறை எண்ணையும் மட்டும் வெட்டிவிடுகிறேன் என்றார். வெட்டினார். பேய் இன்னும் அதில் இருக்கிறது, ஆனால் அதற்கு இப்போது அறை எண் கிடையாது.

போன மாதம் உறையூர்ப் பெண் போன் செய்தார். துறையூரிலிருந்து ஒரு குடும்பம் கல்யாணத்துக்கு வந்து, பன்னிரண்டில் மூன்று நாள் தங்கியதாம். ஒன்றும் சொல்லவில்லையா என்று கேட்டேன். சொன்னார்களாம். சுடுதண்ணீர் சரியாக வரவில்லையென்று மேனேஜரிடம் பெரிய சண்டையாம்.