எந்தத் தேதியிலிருந்து பிரிந்து வாழ்கிறீர்கள்?

அந்த ஆடி மாதம் ஜெர்மனியிலிருந்து நான் மட்டும் ஊருக்கு வந்தேன். "அவருக்கு லீவு கிடைக்கலம்மா" என்று சொல்லியிருந்தேன். அம்மா நம்பினாள். அப்பா நம்பினாரா என்று தெரியவில்லை. குறுவை நட்டு முடித்திருந்த நேரம். முறை வைத்துத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்ததால் அவர் பாதி நாள் வாய்க்கால் கரையிலேயே கிடந்தார். நானும் என் கணவரும் தனித்தனி வீட்டில் இருக்கத் தொடங்கி ஒன்றரை வருடத்துக்கு மேல் ஆகிவிட்டிருந்தது. குடவாசல் பக்கத்தில் இருக்கும் எங்கள் கிராமத்தில் அது யாருக்கும் தெரியாது.

வந்த சில நாட்களிலேயே கணவரிடமிருந்து செல்போனில் செய்தி வந்தது. அந்த நாட்டில் கணவனும் மனைவியும் வருமான வரிக் கணக்கைச் சேர்ந்து கொடுக்கலாம், வரி குறையும். எல்லா வருடமும் அவர்தான் ஆன்லைனில் போடுவார். அவர் காட்டிய இடத்தில் நான் ஒப்புதல் கொடுப்பேன், அவ்வளவுதான். "இந்த வருஷமும் சேர்த்தே போடுறேன். சரின்னு மட்டும் சொல்லு. இல்லன்னா உங்கப்பாகிட்ட நான் பேசிக்கிறேன்" என்று எழுதியிருந்தார்.

வருடம் முழுக்கப் பிரிந்திருந்தவர்கள் சேர்த்துக் கணக்குக் கொடுத்தால் அது பொய்க் கணக்கு. சரி என்றால் அங்கே மாட்டிக்கொள்வேன். முடியாது என்றால் இங்கே.

தனியாகக் கொடுப்பதற்கு இரண்டு வழிகள் இருந்தன. நானே ஆன்லைனில் போடலாம், ஆனால் ஜூலைக் கடைசிக்குள் முடித்தாக வேண்டும். வரி ஆலோசகரிடம் ஒப்படைத்தால் பல மாதம் கூடுதலாக அவகாசம் உண்டு. ஆனால் ஒரு மனுஷியிடம் வாயைத் திறந்து சொல்ல வேண்டும். நான் ஆன்லைனைத் தேர்ந்தெடுத்தேன். கம்ப்யூட்டர் ஏன் என்று கேட்காது.

மாடி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு மடிக்கணினியைத் திறந்தேன். பெயர், முகவரி, வேலை எல்லாம் ஓடிவிட்டன. பிறகு அந்தக் கட்டம் வந்தது. திருமணமானவரா, விதவையா, விவாகரத்தானவரா, நிரந்தரமாகப் பிரிந்து வாழ்பவரா? எந்தத் தேதியிலிருந்து?

எந்தத் தேதியைப் போடுவது? தோழி வீட்டுக்கு ஒரு பையோடு ஓடிய நாளையா, புது முகவரியைப் பதிந்த நாளையா? நான் ஒன்று எழுதி அவர் வேறொன்று எழுதினால்? விசாரணைக்குக் கூப்பிட்டால் எதிர் நாற்காலியில் அவர் உட்கார்ந்திருப்பாரே. நெட் வேறு விட்டுவிட்டு வந்தது. ஒவ்வொரு முறை திரும்ப வரும்போதும் அந்தக் கட்டம் காலியாகவே நின்றது.

கீழேயிருந்து அம்மா குரல் கொடுத்தாள். "மஞ்சக் கயிறு வாங்கி வெச்சிருக்கேன். பதினெட்டாம் பெருக்கன்னிக்கு ஆத்துக்குப் போயி மாத்திக்கலாம், என்ன?"

"சரிம்மா" என்றேன். அந்தச் சரி என் காதுக்கே கேட்கவில்லை.

மறுநாள் மதியம் ஆலோசகரை அழைத்தேன். தோழி கொடுத்த எண். யாழ்ப்பாணத்துக்காரர், ஜெர்மனியிலேயே வளர்ந்தவர். சிக்னல் சரியாக இல்லாததால் ஜன்னல் ஓரம் செல்லை வைத்து ஸ்பீக்கரில் பேசினேன்.

"பயப்பிடாதேங்கோ. நான் கேக்கிறதுக்கு மட்டும் சொல்லுங்கோ. போன வருசம் ஒரு நாளாவது ரெண்டு பேரும் ஒரே வீட்டில இருந்தனீங்களோ?"

"இல்லைங்க."

"பிறகு சேந்து வாழுற எண்ணம் இருக்கோ?"

நான் பதில் சொல்வதற்குள் பின்னால் சத்தம் கேட்டுத் திரும்பினேன். மொட்டை மாடியில் காய்ந்த துணிகளை அள்ளிக்கொண்டு அம்மா அறை வாசலில் நின்றாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ. துணிகளைக் கட்டிலில் போட்டாள். என் பக்கத்தில் வந்து, ஆலோசகருக்குக் கேட்காதபடி மெதுவாகக் கேட்டாள்.

"கை நீட்டுனாரா?"

ஆமாம் என்று தலையாட்டினேன். அம்மா செல்லைக் காட்டினாள். "கேக்குறாங்கல்ல. பதில் சொல்லு."

"இல்லை" என்றேன். "எண்ணம் இல்லைங்க."

வீட்டை விட்டு வந்த நாளையே போடலாம், தோழி சாட்சி சொல்லுவார், மீதியைத் தான் பார்த்துக்கொள்வதாக ஆலோசகர் சொன்னார். அன்று மாலையே கணவருக்குச் செய்தி அனுப்பினேன்: தனியாகத்தான் கொடுக்கிறேன்.

அப்பா வயலிலிருந்து சேற்றுக் காலோடு வந்தார். "மாப்பிள்ளை ரெண்டு தரம் கூப்பிட்டிருக்காரு. மடையில நின்னேன், எடுக்க முடியல" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே செல் மறுபடி அடித்தது. அம்மா அவரைக் கொல்லைப்புறம் அழைத்துப் போனாள். அவர் வைத்துவிட்டுப் போன செல் அடித்து ஓய்ந்தது, மறுபடி அடித்தது. அம்மா என்ன சொன்னாள், எப்படிச் சொன்னாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

திரும்பி வந்த அப்பா என்னைப் பார்க்கவில்லை. செல்லை எடுத்தார்.

"சொல்லுங்க மாப்ள... வரி வெவரம்லாம் எனக்குத் தெரியாதுங்க. பொண்ணு எங்க வீட்லதான் இருக்கா. இனிமே அவகிட்ட பேசுறதா இருந்தா எங்கிட்ட பேசுங்க."

அந்தப் பக்கம் கத்துவது எனக்கும் கேட்டது. அப்பா கேட்டுக்கொண்டே நின்றார். பிறகு செல்லை வைத்தார். யாரையும் அதட்டிப் பேசியறியாத மனிதர் அவர்.

"இங்க கெளம்பி வருவானா?" என்று கேட்டார்.

"தெரியலப்பா."

அவர் போய் வாசல் கேட்டைப் பூட்டினார். வெளிச்சம் இருக்கும்போதே அந்தக் கேட் பூட்டிக் கிடந்ததை நான் அதுவரை பார்த்ததில்லை. அந்த லீவு முழுக்க, தெருவில் கார் சத்தம் கேட்டாலே மூன்று பேரும் பேச்சை நிறுத்தினோம். பெருக்கன்று ஆற்றுக்கு நாங்கள் போகவில்லை. அம்மாவே வேண்டாம் என்றாள்.

அவர் வரவில்லை. ஆலோசகர் இலையுதிர்காலத்தில் கணக்கைக் கொடுத்தார், எந்தக் கேள்வியும் இல்லாமல் ஏற்றுக்கொண்டார்கள். விவாகரத்து அடுத்த வருடம் முடிந்தது. இப்போது படிவத்தில் வேறு கட்டத்தில் குறியிட வேண்டும். சுலபமானதுதான், நானே ஆன்லைனில் போட்டுவிடலாம் என்கிறார் ஆலோசகர். நான் இன்னும் அவரிடமேதான் கொடுக்கிறேன்.